சளி இளகினால் போதுமா?

கைக்குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டது. மூச்சு விடும்போது 'கர், கர்' என்கிறது. மூத்த பிள்ளைக்கு வாங்கிய சளி மருந்து பாதி பாட்டில் மீதி இருக்கிறது. "அதிலே கொஞ்சம் கொடேன்" என்கிறாள் பாட்டி.

கொடுக்கக் கூடாது.

சளி கெட்ட பொருள் அல்ல. மூச்சுக் குழாயை ஈரமாக வைப்பது அதுதான். தூசியையும் கிருமியையும் பிடித்து நிறுத்துவதும் அதுவே. குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து, சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. நோய் வந்தால் சளி பெருகிக் கெட்டியாகிறது. பசை போல ஒட்டிக்கொள்கிறது.

ஆடாதொடையின் வாரிசு

இந்தப் பசையை இளக்கும் மருந்துகளில் ஒன்று புரோம்ஹெக்சின். அதன் பூர்வீகம் எது தெரியுமா? வேலி ஓரத்து ஆடாதொடைதான்! அந்த இலையில் உள்ள 'வாசிசின்' என்ற சத்தைப் பின்பற்றியே ரசாயன நிபுணர்கள் அதைத் தயாரித்தார்கள்.

சரி, இளகிய சளி எங்கே போகும்? பெரியவர்கள் இருமித் துப்பிவிடுவார்கள். கைக்குழந்தைக்குத் துப்பத் தெரியாது. பலமாக இருமவும் சக்தி இல்லை. மூச்சுக் குழாயோ மிகக் குறுகல். நீர்த்துப் பெருகிய சளி அங்கேயே தேங்கினால் மூச்சுத் திணறும்.

பிரான்சு நாட்டில் இது கண்கூடாகத் தெரிந்தது. கார்போசிஸ்டைன், அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்துகளைக் குடித்த சில சிசுக்களுக்குச் சளி முன்னிலும் அதிகமாயிற்று. 2 வயது ஆகாத குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுக்கக் கூடாது என்று 2010-ம் ஆண்டில் அங்கே தடை வந்தது.

இந்தியாவிலும் 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை எச்சரித்தது. இருமல், சளி மருந்துகள் 2 வயதுக்குள் கூடாது. 5 வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்றது. மத்தியப் பிரதேசத்தில் நச்சுப் பொருள் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் மாண்ட சமயம் அது. அந்த விபரீதம் வேறு. ஆனால் கலப்படமே இல்லாத மருந்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பிறவியிலேயே சளி கெட்டியாகும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. அதற்கு மட்டும், டாக்டர் மேற்பார்வையில் சளி இளக்கும் மருந்தை மூச்சின் வழியாகச் செலுத்துகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

அடிக்கடி தாய்ப்பால் கொடுக்கலாம். மூக்கு அடைத்தால், கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. கற்பூரத் தைலமும் வேண்டாம்.

மருந்தைத் தேடுவதைவிட மூச்சை எண்ணுவது மேல். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. இந்த அளவோ அதற்கு மேலோ போனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.