திரைக்குப் பின்னால் ஒரு பி.எட். கல்லூரி

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே தரையெங்கும் சார்ட் தாள் விரித்திருக்கிறார்கள், பாதிக்குப் பசை இன்னும் காயவில்லை. கொஞ்சம் குனிந்து வாருங்கள், தோரணக் கயிறு தலையில் தட்டும். சென்னையில் ஒரு கல்வியியல் கல்லூரி இது. டிசம்பர் 21, மாலை நேரம். விடிந்தால் ராமானுஜன் பிறந்தநாள், தேசியக் கணித நாள். விழா நடத்துவது கணித மன்றம்தான் என்றாலும் தமிழ் மன்றம், அறிவியல் மன்றம், நாட்டு நலப்பணித் திட்டம் என்று அத்தனை பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பக்கத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் காலையில் விழா பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு மேடை. நமக்கோ அதற்கு முந்தைய மாலையில் பின்கட்டு முழுவதும் திறந்து கிடக்கிறது! விடுவோமா?

மேடைக்குப் பின்னால் இருக்கும் இந்த அறையைக் கல்லூரியில் எல்லாரும் 'டி.எல்.எம். ரூம்' என்கிறார்கள். கற்பித்தல் துணைக்கருவிகள் வைக்கும் இடம். அட்டைக் கடிகாரம், தெர்மாகோல் இதயம், அச்சாணி கழன்ற உலக உருண்டை, முன்னே படித்துப் போனவர்கள் விட்டுச்சென்ற பொம்மலாட்டப் பொம்மைகள், எல்லாவற்றின் மேலும் ஜிகினாத் தூள். யார் முகத்தைப் பார்த்தாலும் மின்னுகிறது. ஒரு மூலையில் சிறுவன் ஒருவன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறான். இரண்டாமாண்டு இயற்பியல் மாணவியின் மகன். பி.எட். வகுப்பின் அழகே இதுதான். போன வருடம் பட்டம் வாங்கிய இருபத்தொரு வயதுக்காரி பக்கத்திலேயே, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபின் படிக்க வந்த அக்காவும் உட்கார்ந்திருப்பார். மன்றம் என்று வந்துவிட்டால் இருவருக்கும் ஒரே கத்தரிக்கோல்தான்.

நடுவில் ஒரு வட்டம் தெரிகிறதா? அங்கேதான் பெட்டி மடிக்கிறார்கள். மொத்தம் 216 காகிதப் பெட்டிகள், எல்லாம் ஒரே அளவுக் கனசதுரங்கள். ஏன் 216? கணித மன்றச் செயலர் மூச்சுவிடாமல் சொல்கிறார்: பக்கத்துக்கு 3 பெட்டி வைத்து ஒரு கனசதுரம் கட்டினால் 27 வேண்டும். 4 வைத்தால் 64, 5 வைத்தால் 125. மூன்றையும் கலைத்துவிட்டு எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாக அடுக்கினால், பக்கத்துக்கு 6 பெட்டி வைத்த பெரிய கனசதுரம் கச்சிதமாக வந்து நிற்கும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. கேட்டதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும்விட்டேன்.

முதலில் வேறொரு யோசனைதான் இருந்ததாம். ராமானுஜனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 என்ற எண் 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தது, 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்ததும் அதே எண்தான். அதைச் சர்க்கரைக் கட்டிகளில் கட்டிக் காட்டலாம் என்று ஒருவர் சொல்ல, பொருளாளர் உடனே டைரியை மூடிவிட்டார். "1729 கட்டி வாங்க மன்றத்துல பணம் இல்ல. வாங்கினாலும் காலையில எறும்புதான் எண்ணிப் பாக்கும்." வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. இந்தப் பொருளாளர் தமிழ் படித்தவர். டீக்கடைச் சீட்டு, ஜெராக்ஸ் சீட்டு எல்லாவற்றையும் டைரியில் குத்தி வைத்திருக்கிறார். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காருகிற நாளில் இவருக்குக் கணக்கு எழுத யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இப்போது வெள்ளோட்டம். பெட்டிகள் ஏறுகின்றன. ஐந்தாம் அடுக்கில் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பொலபொலவென்று சரிந்தது. "ஐயோ!" என்று ஒரே குரல். வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காவலாளியின் மகள், ஆறாம் வகுப்புக்காரி, மெல்ல உள்ளே வந்தாள். "அக்கா, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியா ஒட்டிட்டு அப்புறமா தூக்கி வைக்கலாம்ல?" வைத்துப் பார்த்தார்கள். நின்றது!

அடுத்து நடந்ததைத்தான் உங்களுக்குக் காட்டவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமி கேட்டாள், "அதெப்படிக்கா மூணும் சேந்து சரியா இது ஆகுது?" செயலர் மனப்பாடமாக வைத்திருந்த விளக்கத்தை ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே சிறுமியின் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது. செயலர் அதைக் கவனித்துவிட்டார். பேச்சை நிறுத்தி, முட்டி போட்டு, அவள் உயரத்துக்கு இறங்கினார். "கீழ் அடுக்குல எத்தனை பெட்டின்னு நீயே எண்ணேன்." சிறுமி எண்ணினாள். 36. "இந்த மாதிரி எத்தனை அடுக்கு?" ஆறு. விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "இருநூத்திப் பதினாறு!" என்று கத்தினாள். பிறகு சின்னக் கனசதுரங்கள் மூன்றுக்கும் தானே அதே மாதிரி கணக்குப் போட்டுக் கூட்டினாள். அறையில் இருந்த பயிற்சி ஆசிரியர்கள் அத்தனை பேரும் பசைக் கையோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பறையில் மைக்ரோ டீச்சிங் என்ற குறும்பாடப் பயிற்சி நடக்கும்போது மாணவர்களாக உட்காருவது சக தோழிகள்தான். விடை தெரிந்தே கை தூக்குவார்கள், சலிப்பு வந்தாலும் முகத்தில் காட்ட மாட்டார்கள். நிஜப் பிள்ளைக்கு அந்த இரக்கம் கிடையாது. மன்றத்தின் பேரால் இந்த அறைக்குள் ஒரு நிஜப் பிள்ளை வந்ததால்தான் செயலருக்கு அந்த நிமிடம் கிடைத்தது. அதைப் பாடத்திட்டத்தில் எழுதி வைத்து வரவழைக்க முடியாது.

சரி, வாங்க, மேடைக்குப் போவோம். தமிழ் மன்றத்தின் ஓரங்க நாடகம், லண்டன் காட்சி. மருத்துவமனைப் படுக்கையில் ராமானுஜன், பார்க்க வருகிறார் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி. ஹார்டியாக நடிக்கும் மாணவி அண்ணனின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கை நீளம் தாங்காமல் மடித்து ஊக்கு குத்தியிருக்கிறார். மீசை ஒட்டலாமா வேண்டாமா என்று பெரிய சண்டை. யாரோ கைப்பேசியில் ஹார்டியின் படத்தைக் காட்ட, மழித்த முகம்! ஒட்டிய மீசையை உரித்தபோது வந்த அலறல் வராந்தா வரை கேட்டது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் செய்த வாடகைக் கார் உருண்டு வருகிறது. எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏய், நம்பர் பிளேட்டப் பாருங்கடி!" ஹார்டி வந்த காரின் எண் 1729 என்று இருக்க வேண்டும், எழுதியிருப்பதோ 1279. மொத்த நாடகமும் தொங்குவது அந்த ஒரு எண்ணில்தான்! கறுப்புப் பெயின்டைத் தேடி ஓடுகிறார்கள்.

அறிவியல் மன்றத்துப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவோம். வினிகரும் சமையல் சோடாவும் பொங்கிப் பொங்கி எரிமலை ஆகிறது, கூடவே துடைப்பமும் வேலை செய்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத் தம்பிகள் பிள்ளைகள் சாலை கடக்கும் இடத்தில் யார் யார் நிற்பது என்று தாளில் படம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1969-இல் தொடங்கிய திட்டம் அது. "எனக்காக அல்ல, உனக்காக" என்பது அதன் முழக்கம். தண்ணீர்க் கேனைத் தோளில் ஏற்றி மாடிப்படி ஏறுகிறவரின் நெற்றி வியர்வையில் அந்த முழக்கம் நன்றாகவே தெரிகிறது.

ஒலிவாங்கி முன்னால் ஒல்லியாக ஒரு பெண் நிற்கிறாள் பாருங்கள், அவள்தான் நாளைய தொகுப்பாளர். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். முதலாண்டில் மன்றத்தில் பெயர் கொடுத்தபோது, "நான் போர்டு எழுதித் தர்றேன், மேடை மட்டும் வேணாம் மேடம்" என்றாளாம். பொறுப்பாசிரியர் வற்புறுத்தவில்லை. போர்டு எழுதினாள், அடுத்து அறிவிப்பு எழுதினாள், பிறகு மற்றவர்களுக்குப் பேச்சு எழுதித் தந்தாள். இன்று தான் எழுதியதைத் தானே படிக்கிறாள். தோழி ஒருத்தி கடைசி வரிசையில் உட்கார்ந்து, குரல் எட்டாத போதெல்லாம் கையைத் தூக்குகிறாள். முதல் தடவை கை இறங்கவே இல்லை. இப்போது இரண்டே இரண்டு முறைதான் தூக்கினாள்.

சக மாணவர் முன்னால் நின்று பேசிப் பழகுவது ஆசிரியர் கல்லூரிகளில் பழைய வழக்கம். 1856-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளிதான் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அங்கே எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பைப் பயின்றபோது உடன் படித்தவர்களுக்கு உளவியல் உரைகள் ஆற்றினார். அவை 1912-இல் சிறு நூலாகவும் வந்தன. செப்டம்பர் 5-ஆம் தேதி நாம் கொண்டாடுகிற அந்த ஆசிரியரும் முதலில் நண்பர்கள் முன்னால்தான் பாடம் நடத்திப் பழகினார் என்பது இந்தப் பசை வாடைக்கு நடுவே எனக்குத் தித்திப்பாக இருக்கிறது.

"மன்றம் மன்றம்னு சுத்தினா டெட் எக்ஸாமுக்கு யாரு படிக்கிறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று பலரும் சொன்னார்கள். நியாயமான கவலை. அந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விக்கு விடை குறித்துத் தேறினால்தான் ஆசிரியர் வேலைக்கு வழி. ரெக்கார்டு எழுதும் சுமை வேறு. ஆனால் வேலை கிடைத்து அரசுப் பள்ளிக்குள் நுழைந்த முதல் மாதமே இலக்கிய மன்றத்தையும், கலைத் திருவிழாவையும், அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்க 2022-இல் வந்த வானவில் மன்றத்தையும் தூக்கி இவர்கள் கையில்தான் கொடுப்பார்கள். அன்றைக்கு ஒலிவாங்கி எங்கே வாடகைக்குக் கிடைக்கும், அனுமதிக் கடிதம் எப்படி எழுதுவது, அழுகிற பிள்ளையை எப்படி மேடையேற்றுவது என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. என்னைக் கேட்டால், இந்த அறையில் செலவாகும் ஒரு மாலைகூட வீணில்லை.

பி.எட்.டில் புதிதாகச் சேர்ந்தவர்களே, முதல் மாதமே உங்கள் கல்லூரி மன்றப் பொறுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். ஆளுக்கு ஒரு மன்றம் போதும், எல்லாவற்றிலும் தலையைக் கொடுக்க வேண்டாம். பள்ளிப் பயிற்சிக்குப் போகும் வாரங்கள் எப்போது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பாட வராது, பேச வராது, ஆட வராது என்றால் பெட்டி மடிக்கவாவது பெயர் கொடுத்துவிடுங்கள்.