எழுத்துக்கு முன்னே ஓடும் காது

குழந்தை எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் கதை வாசித்துக் காட்டுவது நின்றுபோகிறது. ‘அதான் படிக்கத் தெரியுதே, நீயே படி’ என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம். இது மிகவும் அவசரப்பட்ட முடிவு. 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம். பிழையில்லாமல் ஒரு பக்கத்தை ஒப்பித்துவிட்டு, ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால் விழிக்கும் பிள்ளையிடம் குறைவது பெரும்பாலும் இரண்டாவது திறன்தான்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. திருச்சியின் காட்டூரிலோ ஸ்ரீரங்கத்திலோ வீட்டில் பேசும் தமிழ் வேறு, அச்சில் வரும் தமிழ் வேறு. ‘அரசன் திரும்புவதற்குள் கதவை அடைத்துவிடும்படி அமைச்சர் ஆணையிட்டிருந்தார்’ என்ற வாக்கியத்தில் கடினமான சொல் அதிகமில்லை. ஆனால் அந்த அமைப்பை ஆறு வயதுப் பிள்ளை யார் வாயிலும் கேட்டிருக்காது. அரபு மொழியிலும் இதே இரட்டை வழக்கு உண்டு. ஹைஃபா பல்கலைக்கழகத்தின் டினா ஃபைடெல்சனும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்புகளில் இலக்கிய அரபியில் இருந்த கதைகளை மாதக்கணக்கில் வாசித்துக் காட்டினார்கள். கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படம் பார்த்துக் கதை சொல்வதிலும் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை முந்தினார்கள். வாசிக்கும்போது எல்லாவற்றையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அன்பால்தான் அப்படிச் செய்கிறார்கள். பிள்ளை பழக வேண்டிய மொழியோ அதில் கழிந்துபோகிறது. அச்சில் உள்ளபடியே வாசித்துவிட்டு, புரியாத இடத்தில் மட்டும் விளக்கினால் போதும்.

தினம் ஒரு குட்டிக்கதை போதாதா என்று கேட்கலாம். குட்டிக்கதை அன்றைக்கே முடிந்துவிடும். அத்தியாயம் அத்தியாயமாக நீளும் கதையில்தான் நேற்று நடந்ததை நினைவில் வைத்து இன்றைக்குக் கேட்பதோடு இணைக்க வேண்டியிருக்கிறது. ஃபைடெல்சனின் குழு 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குரங்கைப் பற்றிய தொடர்கதை வரிசையை முதல் வகுப்புகளில் நாள்தோறும் சுமார் 20 நிமிடம் ஆறு மாதங்களுக்கு வாசிக்க வைத்தது. வாசித்துப் புரிந்துகொள்வதிலும் மொழியைக் கையாள்வதிலும் அந்த வகுப்புகள் முன்னேறின. நமக்கும் இது புதிதில்லை. கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றியதாக மரபு சொல்லும் மண்டபம் ஸ்ரீரங்கம் கோயிலில் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்கணக்கில் பாரதம் படிப்பார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களும் செய்யுளைப் பின்தொடர்ந்தது இப்படிக் காதைப் பழக்கித்தான்.

கைப்பேசியில் கதை ஓடுகிறதே என்பது அடுத்த வாதம். ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் பிள்ளை முகம் சுருக்கினால் கைப்பேசி நிற்காது; நேரில் வாசிப்பவர் நிறுத்திக் கேட்க முடியும். 1988இல் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரை, வாசிக்கும்போது இடையிடையே விரிந்த கேள்விகள் கேட்கப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் பிள்ளைகளின் பேச்சுத்திறன் கூடியது. அம்மா அப்பாவுக்கு நேரமில்லை, படிப்பில்லை என்ற வாதத்தைத்தான் எளிதில் தள்ள முடியாது. அதனால் பொறுப்பைப் பள்ளியும் நூலகமும் ஏற்க வேண்டும். தமிழக அரசு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வாசிப்பு இயக்கத்தின் நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகளாக வந்தன. இவை பிள்ளை தானே வாசிப்பதற்கானவை, அதற்கேற்ப எளிமையானவை. அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. எழுத்துப் பயிற்சி இல்லாவிட்டாலும் அந்தப் பெருக்கல் பூஜ்ஜியம்தான். ஆனால் பிள்ளையின் காது அதன் கண்ணைவிட வெகுதூரம் முன்னால் ஓடுகிறது. அதற்கும் தீனி வேண்டும்.

சிறிய அத்தியாயங்கள் கொண்ட ‘டோட்டோ-சான்’ நூல் தமிழிலேயே கிடைக்கிறது, யெஸ். பாலபாரதி, உதயசங்கர் போன்றோர் சிறுவர்களுக்காகவே நாவல் எழுதுகிறார்கள். திருச்சிப் பள்ளிகள் கடைசிப் பீரியடில் 20 நிமிடத்தை இதற்கென ஒதுக்கி, ஒரே புத்தகத்தை முதல் பக்கம் தொடங்கி முடிவுவரை வாசித்துக் காட்டட்டும். அந்த நேரத்தில் மதிப்பெண் வேண்டாம், தேர்வும் வேண்டாம்.