பழைய வில்லா, புதிய வில்லா?

சில ஆண்டுகள் வில்லைத் தொடாதிருந்து மீண்டும் பயிற்சிக்குத் திரும்பும் நம்மவர்க்குத் தில்லியில் ஊக்கத்திற்குக் குறைவில்லை. 2010ஆம் ஆண்டுக் காமன்வெல்த் வில்வித்தைப் போட்டிகள் யமுனை விளையாட்டு வளாகத்தில் நிகழ்ந்தன. 2014இல் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் காம்பவுண்டு வில்லில் தங்கம் வென்ற அணியினருள் அபிஷேக் வர்மா இந்நகரத்தவரே.

அமெரிக்கரான ஆலன் என்பார் 1960களில் அமைத்த இவ்வில்லின் முனைகளில் உருளைகள் உண்டு. அவை சுழல்வதால், முழுதும் இழுத்தபின் கை தாங்கும் பாரம் ஐந்தில் ஒரு பங்காகவும் குறையலாம். ஆயினும் முழுப் பாரத்தை முதலில் கடந்தாக வேண்டுமே! 'முன்பு 60 ராத்தல் இழுத்தோம்' என்னும் நினைவுதான் தோளைக் கெடுக்கிறது. 40இல் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவோம்.

அடுத்தது இழுப்பு நீளம். விரித்த இரு கைகளின் அளவை இரண்டரையால் வகுத்தால் அது ஏறத்தாழக் கிடைக்கும். 70 அங்குலமாயின் 28. இந்நீளம் பொருந்தாத வில், பாதி விலைக்குக் கிடைத்தாலும் நட்டமே.

பழைய வில்லாயின், அதன் இரு கைகளின்மீதும் பஞ்சைத் தடவிப் பார்ப்போம். இழை சிக்கினால் வெடிப்பு இருக்கலாம். அதனை விட்டுவிடுவதே நன்று. அம்பின்றி நாணை விட்டதுண்டா, சித்திரை வெயிலில் மூடிய காரில் கிடந்ததா என்றும் கேட்போம். நாண் பிசிறியிருப்பின் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டுக. அதற்குத் தனிப்பொறி வேண்டும், வீட்டில் ஆகாது.

சோதித்துச் சொல்லப் பயிற்சியாளர் இல்லையேல், பாரமும் நீளமும் பரந்த அளவில் மாற்றத்தக்க எளிய புதிய வில்லையே நாம் விரும்புவோம். அவர் இருப்பின், பணம் கொடுக்குமுன் அவர் முன்னிலையில் பத்து அம்பேனும் எய்து பார்க்கலாம்.