மேகக் கணிமையில் தரவுத்தளம்: நிர்வாகியின் பணி என்ன?

இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறிகளுள் ஒன்று 1950-களின் நடுவில் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது. அன்று கணிப்பொறியும் புள்ளி விவரமும் அதைக் காக்கும் பொறியாளரும் ஒரே கட்டடத்தில் இருந்தனர். மேகக் கணிமை இம்மூன்றையும் பிரித்துவிட்டது.

உறவுமுறைத் தரவுத்தளம் என்பது 1970-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் வகுத்த முறையாகும். குடும்ப அட்டைகள் ஓர் அட்டவணையிலும், உறுப்பினர்கள் மற்றோர் அட்டவணையிலும் இருக்க, அட்டை எண் இரண்டையும் இணைக்கிறது. முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

இதனை மேகத்தில் இயக்கும்போது வன்பொருள், மின்சாரம், குளிரூட்டல், மென்பொருள் திருத்தங்கள் ஆகியவை சேவை வழங்குவோரின் பொறுப்பாகின்றன. 2020 மே 20-இல் ஆம்பன் புயல் தாக்கியபோது கொல்கத்தாவின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அத்தகைய வேளையில் தொலைவிலுள்ள மையத்தில் தரவு பத்திரமாக இருக்கும். ஆனால் அலுவலகத்தின் இணைப்பு அறுந்தால் அதை எட்ட முடியாது. இவ்வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

தொலைவுக்கும் ஒரு விலை உண்டு. மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் நேர்த்தொலைவு ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே குறைந்தது 16 மில்லி விநாடி ஆகும். கொல்கத்தாவில் இயங்கும் நிரலொன்று, மும்பையிலுள்ள தரவுத்தளத்தை ஒரு பக்கத்திற்காக 200 முறை அடுத்தடுத்து வினவினால், மூன்று விநாடிக்கு மேல் காத்திருப்பிலேயே கழியும். வினவல்களை ஒன்றாக்குவதோ, நிரலையும் தரவுத்தளத்தின் அருகே கொண்டு செல்வதோ நிர்வாகியின் வேலை. அதிக வாடகைக்குப் பெரிய கணிப்பொறி எடுப்பதால் இக்குறை தீராது.

யார் எதைப் பார்க்கலாம், காப்பு நகல்களை எத்தனை நாள் வைப்பது என்பனவும் அவர் தீர்மானிக்க வேண்டியவையே. மாற்று இயந்திரம் ஒன்று தயாராக இருப்பதைக் காப்பு நகல் என்று எண்ணிவிடக் கூடாது. தவறுதலாக அழித்த பதிவு அங்கும் உடனே அழிந்துவிடும். தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பரில் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. அவற்றுக்கு வெளியிடத்தில் நகல் இல்லை.

ஆகவே நகல் எடுத்ததற்கான சான்றுடன் நிர்வாகி அமைதியடைய இயலாது. குறித்த கால இடைவெளியில் நகலை வேறோர் இயந்திரத்தில் மீட்டு, பதிவுகளை எண்ணிச் சரிபார்த்து, அதற்கான நேரத்தையும் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும்.