மஞ்சள் தடவிய மூலை

தபால்காரர் இரண்டு பத்திரிகைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒன்றின் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கிறது, மற்றொன்றில் இல்லை. ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமலே வீட்டுப் பெரியவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. முதலாவது சாமி படத்தின் முன்னால் போகும். கருமாதிப் பத்திரிகையை வாசலில் நின்றே படித்துக் கிழித்துப் போடுவார்.

ஒரு துளி மஞ்சளுக்கு இவ்வளவும் சொல்லத் தெரிந்தது எப்படி? இதை ஆராயும் துறைக்குக் குறியியல் என்று பெயர்.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் 1907 முதல் 1911 வரை மொழியியல் பாடம் நடத்தியவர் ஃபெர்டினான்ட் டி சசூர். அந்தப் பாடங்களை அவர் நூலாக எழுதவில்லை. 1913-இல் அவர் இறந்த பிறகு, மாணவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டி உடன் பணியாற்றியவர்கள் 1916-இல் புத்தகமாக்கினார்கள். குறிக்கு இரண்டு பக்கம் உண்டு என்றார் சசூர்: கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் குறிப்பான், மனதில் எழும் குறிப்பீடு. ‘மரம்’ என்ற ஒலியில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. தெலுங்கர் அதையே ‘செட்டு’ என்கிறார். ஒலியையும் பொருளையும் சேர்த்துக் கட்டுவது பேசுகிறவர்களின் வழக்கம்தான். ஒரு குறி மற்றக் குறிகளிலிருந்து வேறுபடுவதால்தான் பொருள் தருகிறது என்பதும் அவர் சொன்னதே. மஞ்சள் இல்லாத பத்திரிகையும் பேசுவது அதனால்தான்.

அமெரிக்காவின் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் தனி வழியில் போய்க் குறிகளை மூன்றாக வகுத்தார். வரைந்த உருவப்படம் ஒத்த தோற்றத்தால் ஆளைக் காட்டுகிறது. புகை, காரணத் தொடர்பால் நெருப்பைக் காட்டுகிறது. சொல்லோ வழக்கத்தால் மட்டுமே பொருளைக் காட்டுகிறது. புகையும் நெருப்பும் நமக்குப் பழைய உதாரணம். மணிமேகலைக் காப்பியம் பேசும் தருக்கத்திலேயே அது வருகிறது.

குறியின் வலிமையை இந்தியா கண்டது 1951–52 பொதுத்தேர்தலில். வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல், பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். சீட்டில் எந்த அடையாளமும் இட வேண்டாம், வேண்டிய பெட்டியில் போட்டால் போதும். ஜனநாயகத்தையே படங்களின் மேல் தூக்கி நிறுத்திய துணிச்சல் அது.

அந்தத் தேர்தலில் காங்கிரஸின் சின்னம் இரட்டைக் காளை. ‘கை’ சின்னம் ஃபார்வர்டு பிளாக்கின் ருய்கர் பிரிவிடம் இருந்தது. 1978-இல் காங்கிரஸ் பிளவுபட்ட பிறகு இந்திரா காந்தியின் பிரிவு அதைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. இன்றைக்கு ஊர்ச் சுவரில் ஒரு கை வரைந்திருந்தால், அது எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை.