சின்னப் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் முறை

மேசைமேல் பொம்மை வீரர்களை அணிவகுத்து ஆடும் போர் விளையாட்டு மேல்நாடுகளில் உண்டு. நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் இதற்கு விதிகள் வகுத்து ஒரு நூலே எழுதினார். இன்று நம் பட்டணத்துப் பிள்ளைகளும் இதை ஆடுகிறார்கள். பொம்மையின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர்தான். பெரும்பாலும் வண்ணமில்லாமலே விற்பார்கள். தீட்டுவது ஆடுபவரின் பொறுப்பு.

இங்கேதான் பிள்ளைகள் சோர்கிறார்கள். ஒரே பொம்மையை எடுத்துத் தலை முதல் கால்வரை முடிக்கப் பார்க்கிறார்கள். மூன்றாவது பொம்மைக்குள் கை ஓய்ந்துவிடுகிறது. மீதி பெட்டிக்குள் போய்விடுகிறது. பாதியில் விடும் பழக்கம் விளையாட்டில் படிந்தால், நாளை பாடத்திலும் தொடரும் அல்லவா?

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதற்கு வழி தெரியும். ஒரு மரத்தை வெட்டிவிட்டு, மங்கு நிறையும்வரை யாரும் காத்து நிற்பதில்லை. எல்லா மரங்களையும் வெட்டிய பிறகே பால் எடுக்கத் திரும்புகிறோம். பொம்மைக்கும் அதே முறைதான்.

பத்துப் பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, புட்டி மூடிகளின்மேல் ஒட்டி வரிசையாக வையுங்கள். மூடியைப் பிடித்துத் தீட்டினால் விரல் பட்டு வண்ணம் கலையாது. முதலில் அடிப்பூச்சு. அது காய்ந்ததும் அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, ஒரு நிறத்தைப் பத்துக்கும் பூசுங்கள். பத்தாவதை முடிக்கும்போது முதலாவது காய்ந்திருக்கும். பிறகே அடுத்த நிறம். உள்ளடங்கிய முகமும் கையும் முதலில், சட்டை அடுத்து, மேலே இருக்கும் இடைவார் கடைசியில்.

பின்னர் நன்றாக நீர்த்த பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிடுங்கள். அது மடிப்புகளில் தங்கி நிழல் காட்டும். காய்ந்தபின், பழைய தூரிகையில் வெளிர் நிறம் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேலோட்டமாக இழுங்கள். மேடுகள் மட்டும் நிறம் பிடித்துப் பொம்மைக்கு உயிர் வந்துவிடும். கண்மணி வரைய வேண்டியதில்லை. கையெட்டும் தூரத்தில் அது தெரியாது. முகமும் அடித்தட்டும் துப்புரவாக இருந்தால் போதும்.

பெற்றோர் கவனத்திற்கு: தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் வழக்கத்தைத் தடுங்கள். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம். அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். தெளிக்கும் வண்ணத்தை வீட்டுக்குள் அடிக்கக் கூடாது.

விலை உயர்ந்த பொம்மைகள்தாம் வேண்டும் என்பதில்லை. சந்தையில் விற்கும் மலிவான பிளாஸ்டிக் வீரர்களிலும் கை பழகலாம். பத்தையும் முடித்து வரிசையாக நிறுத்தும் பிள்ளைக்கு, தொடங்கியதை முடிக்கும் துணிவும் சேர்ந்து வரும். பதறாத காரியம் சிதறாது.