கண்ணுக்கு ஒரு சங்கீதம்

கல்யாண ஊர்வலத்திலோ போலீஸ் அணிவகுப்பிலோ நாம் பாண்டு வாத்தியத்தைக் கேட்டிருக்கிறோம். காதுக்கு விருந்து என்பதோடு அதை விட்டுவிடுகிறோம். அமெரிக்கக் கலாசாலைகளிலோ பாண்டு என்பது கேட்பதற்கு மட்டும் அன்று, பார்ப்பதற்கும் உரியது. கால்பந்தாட்டத்தின் இடைவேளையில் நூற்றுக்கணக்கான மாணாக்கர் வாத்தியங்களுடன் மைதானத்தில் இறங்கி, வாசித்துக்கொண்டே நடந்து, கோடாகவும் வட்டமாகவும் எழுத்தாகவும் உருமாறுவார்கள். இக்காட்சியை அமைத்துக் கற்பிப்பதிலேயே ஆயுளைச் செலவிட்டவர் வில்லியம் பி. ஃபாஸ்டர் என்னும் சங்கீத ஆசிரியர்.

கான்ஸாஸ் மாகாணத்தில் 1919-ல் பிறந்த இவர் கறுப்பு இனத்தவர். 1941-ல் கான்ஸாஸ் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். வாத்திய கோஷ்டியை நடத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. கறுப்பருக்கு அந்த உத்தியோகம் எங்கும் கிடையாது என்று சொல்லி, அங்கிருந்த பெரியவர் ஒருவர் அந்த எண்ணத்தையே விட்டுவிடச் சொன்னாராம். நிறத்தைக் காட்டி வாசற்கதவைச் சாத்தும் வழக்கம் அந்நியர் ஆட்சியில் நாமும் அறிந்ததுதானே! வெள்ளையர் பாண்டு எதற்கும் இளைக்காத ஒரு கறுப்பர் பாண்டைத் தாமே உண்டாக்கிவிடுவதென்று ஃபாஸ்டர் அன்றே தீர்மானித்துக்கொண்டார்.

அதற்கான இடம் 1946-ல் வாய்த்தது. ப்ளோரிடா மாகாணத்தில் கறுப்பருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த விவசாய, இயந்திரக் கலாசாலை, டல்லஹாசி நகரில் இருந்தது. அதன் பாண்டுக்கு அவர் தலைவரானார். 'நடைபோடும் நூறு' என்பது அந்தப் பாண்டின் பிரசித்தமான பெயர். எண்ணிக்கை நூறைத் தாண்டிச் சென்ற பிறகும் பெயர் மாறவில்லை.

அவருடைய போதனையில் கணக்கும் உண்டு, கூத்தும் உண்டு. ஆட்ட மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குச் சரியாக எட்டு அடி வைக்க வேண்டும். அதாவது அடி ஒன்றுக்கு 22½ அங்குலம். நெட்டைப் பையனுக்கும் குட்டைப் பையனுக்கும் அளவு ஒன்றே! முழங்காலை உயர்த்தி உயர்த்தி நடக்க வேண்டும்; அப்போதும் ஊதுகிற ஸ்வரம் அசையக் கூடாது. சங்கீதம் முழுவதும் மனப்பாடமாக இருக்க வேண்டும். காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அணியை எப்படிப் பார்ப்பது? நிமிஷத்துக்கு 20 அடி என்று சவ ஊர்வலம்போல் ஊர்ந்து வந்து, திடீரென்று 240 அடியாகப் பாய்வார்கள். வாத்தியங்களை ஒருசேர வீசுவதும், நடனமாடுவதும் இவற்றுடன் சேர்ந்தன. ராணுவ மிடுக்கைச் சிறிதும் குறைக்காமல் தம் மக்களின் ஆட்டத்தையும் பாட்டையும் அதற்குள் புகுத்தினாரே, அதைத்தான் அவருடைய பெரிய சாதனையாக நாம் மதிக்கிறோம். வெறும் நகலாக இருந்திருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

இடையே 1955-ல் கொலம்பியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். தம் முறையை 1968-ல் புத்தகமாகவும் எழுதினார். பின்னாளில் அமெரிக்க பாண்டுத் தலைவர்கள் சங்கத்துக்கு அவரே தலைவரானார். கறுப்பு இனத்தவரில் அப்பதவியை முதன்முதல் வகித்தவர் அவர்தாம்.

1989 ஜூலை 14-ந் தேதி பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு விழா பாரிஸில் நடந்தது. பல தேசத்தார் கலந்துகொண்ட அந்த ஊர்வலத்தில் அமெரிக்காவின் சார்பில் நடந்தது ஃபாஸ்டரின் பாண்டு. சமத்துவத்தை முழங்கிய புரட்சியின் விழாவில், ஷான்ஸெலிஸே ராஜவீதியில், கறுப்பு இளைஞர்கள் ஜேம்ஸ் பிரௌனின் இசையை ஊதிக்கொண்டு, முன்னோக்கி நடப்பதுபோல் தோன்றப் பின்னோக்கி வழுக்கி நடந்து காட்டினார்கள்.

ஃபாஸ்டர் 1998-ல் ஓய்வு பெற்றார், 2010-ல் காலமானார். ஐம்பத்திரண்டு வருஷமும் ஒரே கலாசாலை, ஒரே பாண்டு.